பெரிய சிஸ்டர் தவறாக எடுத்த இரண்டு அளவுகள்

பெரிய சிஸ்டருக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவரைப் பற்றி நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. அதைத் தொடங்கினால் இது விடுபட்டுப் போகும். எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, "தேதியெல்லாம் சரியாப் போடுங்க அண்ணா. மத்தபடி எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார். தேதிகள் சரியாகவே இருக்கின்றன. என் குறிப்பேடுகளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பிரிவின் வேலை என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அரசுக் காப்பீட்டில் இருக்கும் கர்ப்பிணிகளில் சிலருக்கு ஆபத்து அதிகம் என்று மருத்துவர் குறிப்பார். அவர்களை மாதக்கணக்கில் மருத்துவமனையில் படுக்க வைக்காமல், செவிலியரை வீட்டுக்கே அனுப்பிப் பார்த்துக்கொள்வோம். இரண்டாம் மாடியில் எங்களுக்கு மூன்று அறைகள். முதல் அறையில் ஒருங்கிணைப்பாளர் மேடம் இருப்பார். மருத்துவர், செவிலியர், காப்பீட்டு அலுவலகம், வீட்டுக்காரர்கள் என்று நான்கு பக்கத்துக்கும் நடுவில், காதில் தொலைபேசியோடு. நடு அறையில் என் பதிவேடுகளும் செவிலியர்களின் இரும்பு அலமாரிகளும். கடைசி அறையில் கருவிகள். அந்த நடு அறையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

பெரிய சிஸ்டர் எங்களிடம் வருவதற்கு முன் பிரசவ வார்டில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். வீட்டுப் பணியில் பதினேழு வருடம். நான் சொல்லும் அந்த ஜூன் மாதம்வரை நானூற்றுப் பன்னிரண்டு தாய்மார்களைப் பார்த்திருந்தார். கல்யாணமான ஏழாவது வருடம் கணவர் போய்விட்டார். ஒரே மகன், கப்பலில் வேலை; வருடத்துக்கு ஒருமுறை வருவான், பத்து நாளில் போய்விடுவான். ஆகவே அவருக்கு மனிதர்கள் என்றால் அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர்தான். பிறந்த குழந்தைகளின் படங்களை அவர்கள் அனுப்புவார்கள். அவர் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பார்.

அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் முறையால் வந்த பெயர். தாய் நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும். கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில். அப்படியே ஐந்து நிமிடம், பேச்சு மூச்சு இல்லாமல். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். அதன் பிறகுதான் பட்டையைச் சுற்றுவார். "தினமும் வாங்க சிஸ்டர், இந்த அஞ்சு நிமிஷம்தான் எங்க வீட்ல அமைதி" என்று ஒரு கணவர் சொன்னாராம். பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்ததாம்.

அந்த வருடம் பிப்ரவரியில் சின்ன சிஸ்டர் வந்தாள். வயது இருபத்தாறு. ஒரே வாரத்தில் மாடியில் இருந்த எல்லாரையும் அக்கா, அண்ணா, மாமா என்று உறவாக்கிவிட்டாள். பெரிய சிஸ்டரைப் 'பெரியக்கா' என்றாள். போகிற வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்காருவாள், தாயின் தலையைக் கோதிவிடுவாள், கூட உட்கார்ந்து காய் நறுக்குவாள். வேலையும் ஒழுங்காகவே செய்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏப்ரலில் தொலைபேசி அவளைக் கேட்டு அடிக்கத் தொடங்கியது.

"அண்ணா, இன்னைக்கு அவளுக்கு எத்தனை போன்?" என்று சாயங்காலம் பெரிய சிஸ்டர் கேட்பார், எதையோ தேடுவதுபோல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு.

"ஆறு."

"எனக்கு?"

"ரெண்டு. அதுல ஒண்ணு கண்ணாடிக் கடை. உங்க மூக்குக்கண்ணாடி ரெடியாம்."

"அதை எதுக்குச் சேத்தீங்க? ஒண்ணுன்னு சொல்லுங்க." அவரும் எண்களில் ஏமாற்று விரும்பாதவர்தான்.

மே மாதம் சின்னவளின் அலமாரிக் கதவில் முதல் குழந்தைப் படம் ஏறியது. பெரிய சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "குழந்தை அழகா இருக்கு" என்றார். பிறகு அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, டிரைவரம்மாவின் கோப்பு திறக்கப்பட்டது. நகரப் பேருந்து ஓட்டுபவர், வயது முப்பத்துநான்கு. இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது முப்பத்தோராம் வாரத்தில் வயிற்றுக்குள்ளேயே நின்றுபோனது. இரண்டு முறையும் காரணம் ரத்த அழுத்தம். இப்போது இருபத்தொன்பது வாரம் முடிந்து ஒரு நாள். மாத்திரை, இடது பக்கம் சாய்ந்து ஓய்வு, வாரத்தில் நான்கு வருகை என்று மருத்துவர் எழுதியிருந்தார். திங்களும் வியாழனும் பெரிய சிஸ்டர். செவ்வாயும் சனியும் சின்னவள்.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும், மூன்று அறையும் ஒரே வரிசையில். கட்டிலை முன்னறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். டிரைவரம்மா படுத்துக்கொண்டே தெருவில் போகும் பேருந்துகளைச் சத்தத்தை வைத்துச் சொல்வார். "பதினாலாம் நம்பர். பிரேக்கு கத்துது கேளுங்க. டிப்போல ஒருத்தரும் கண்டுக்க மாட்டேங்கறாங்க." கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், பகலில் இருக்கமாட்டார். அவருடைய அக்கா வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். டிரைவரம்மாவுக்கு நாத்தனார். வாய் நீளம், ஆனால் ஓடி ஓடிச் செய்பவர்.

முதல் நாள் பெரிய சிஸ்டர் எடுத்த அளவு 146/94. மறுநாள் சின்னவள் எடுத்தது 132/82. வியாழன், 148/94. சனி, 134/84. அடுத்த வாரமும் இதே கதை. பெரியவர் போனால் ஏறும், சின்னவள் போனால் இறங்கும்.

பதின்மூன்றாம் தேதி நாத்தனார் கேட்டேவிட்டார்.

"பாருங்க சிஸ்டர், முந்தாநாள் அந்தப் பொண்ணு வந்தப்ப நூத்தி முப்பது. இன்னைக்கு நூத்தி நாப்பத்தெட்டுங்கறீங்க. நடுவுல நாங்க ஒண்ணும் பண்ணல. உப்பு டப்பாவைக்கூட ஒளிச்சு வெச்சுட்டேன்."

"அப்ப நான்தான் ஏத்திவிட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? மிஷின்ல சொல்லுது."

"அண்ணி, சும்மா இருங்க" என்றார் டிரைவரம்மா. பிறகு அவரே மெதுவாக, "கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். நீங்க உக்கார வெச்சு, காலைக் கீழ வை, வாயை மூடுன்னு சொன்னா எனக்கு லைசென்ஸ் டெஸ்ட்டு மாதிரி இருக்கு. அவ வந்தா தங்கச்சி வந்த மாதிரி இருக்கு" என்றார்.

இதை என்னிடம் சொல்லும்போது பெரிய சிஸ்டர் 'தங்கச்சி' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் டிரைவரம்மா பரிசோதனைக்காக மருத்துவமனை போனார். அங்கே 142/90. பயணக் களைப்பு என்று வைத்துக்கொண்டார்கள். மருத்துவர் கோப்பில் எங்கள் அளவுகளைப் பார்த்துவிட்டு, சிலருக்கு ஆளைப் பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறும், பயப்பட ஒன்றும் இல்லை என்று மேடத்திடம் தொலைபேசியில் சொன்னார். மேடம் அதை அப்படியே பெரிய சிஸ்டரிடம் சொன்னார், கொஞ்சம் தயக்கத்தோடு. கூடவே ஒரு விதியையும் நினைவுபடுத்தினார். அடுத்தடுத்து நான்கு வருகைகளில் அளவு 140/90-க்குக் கீழே இருந்தால், காப்பீட்டு அலுவலகம் வாரத்தில் நான்கு வருகையை இரண்டாகக் குறைக்கும். இரண்டுக்கு ஒரு செவிலியர் போதும். யார் வேண்டும் என்று குடும்பமே சொல்லலாம்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு, தெரிஞ்சதுதானே" என்றார் பெரிய சிஸ்டர்.

அன்று சாயங்காலம் டிரைவரம்மாவின் கோப்பைக் கேட்டு வாங்கினார். சின்னவள் வீட்டுக்குப் போகாமலோ, போயும் பட்டையைச் சுற்றாமலோ எண்ணை மனதிலிருந்து எழுதுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அப்படி எழுதுபவர்களின் எண்களில் ஒரே கடைசி இலக்கம் திரும்பத் திரும்ப வரும். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். நானும் உதவியாக, இருவர் எடுத்ததையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். அது உதவி என்று அப்போது நினைத்தேன்.

"ஒழுங்காத்தான் எடுத்திருக்கா" என்றார் கடைசியில். அவ்வளவு ஏமாற்றத்தோடு யாரும் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தை வரைந்தவன் நான். முன்பக்கத்தில் தேதி, நேரம், ரத்த அழுத்தம், நாடி, சிறுநீர், எடை, குழந்தையின் அசைவு, கையெழுத்து என எட்டுக் கட்டங்கள். தாய் உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா, எந்தக் கையில் எடுத்தது என்பதற்குக் கட்டம் இல்லை. பின்பக்கம் 'குறிப்பு' என்று வெற்றுக் கோடுகள். காப்பீட்டுக்குப் போவது முன்பக்கத்தின் நகல் மட்டும். மேடம் பார்ப்பதும் அதைத்தான். பின்பக்கம் கோப்பிலேயே இருக்கும். எழுதுபவரைத் தவிர அதை யாரும் படிப்பதில்லை. பெரிய சிஸ்டர் அதில் 'புதிதாக ஒன்றுமில்லை' என்று எழுதுவார். சின்னவள் கோடு போதாமல் ஓரத்திலும் எழுதுவாள்.

ஜூன் இருபத்திரண்டு, சனிக்கிழமை. பெரிய சிஸ்டருக்கு விடுமுறை. காலை பத்தே காலுக்கு, சின்னவள் அங்கே இருக்கும் நேரம் பார்த்து, டிரைவரம்மா வீட்டுக்குப் போனார். கையில் சிறுநீர் பார்க்கும் தாள் டப்பா ஒன்று, சாக்குக்காக. கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

டிரைவரம்மா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மேலே இருந்த வலது கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிக்கொண்டே ஏதோ சொன்னாள். டிரைவரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய விரல்கள் சின்னவளின் விரல்களோடு பின்னிக்கிடந்தன.

ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது மேல் கை இதயத்தைவிட உயரத்தில் இருக்கும். அந்தக் கையில் எடுத்தால் அளவு பத்து, பதினைந்து குறைத்துக் காட்டும். பிரசவ வார்டில் பதினான்கு வருடம் இருந்தவருக்கு இது தெரியாததல்ல. அந்த வாசலில் நின்ற ஒரு நிமிடத்தில் முழு மர்மமும் அவர் கண்முன்னால்தான் இருந்தது.

"பட்டையையும் பாத்தேன், கையையும் பாத்தேன் அண்ணா" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "ஆனா மனசுல நின்னது அந்த விரல் மட்டும்தான். பதினேழு வருஷத்துல ஒருத்திகூட என் கையை அப்படிப் பிடிச்சுக்கிட்டது இல்ல."

டப்பாவை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

திங்கட்கிழமை, இருபத்துநான்காம் தேதி. டிரைவரம்மா வழக்கம்போல எழுந்து நாற்காலிக்கு வரக் கையை ஊன்றினார். பெரிய சிஸ்டர், "வேணாம்மா, எழுந்திரிக்காத. அப்படியே படு" என்றார். தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலி அவருக்கு; உட்காருவதற்குக் கட்டில் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. மேல் கையில் பட்டையைச் சுற்றினார். ஐந்து நிமிடம் பார்க்கவில்லை. 136/86.

"சிஸ்டர், உங்களுக்கும் நல்லா வந்துடுச்சே" என்றார் டிரைவரம்மா. முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணி, இங்க வாங்க, பெரிய சிஸ்டருக்கே நூத்தி முப்பத்தாறு."

"அப்ப டீ போட்டுற வேண்டியதுதான்" என்றார் நாத்தனார். மூன்று வாரமாக அந்த வீட்டில் பெரிய சிஸ்டருக்குக் கிடைத்தது தண்ணீர்தான்.

அன்று அவர் மாடிப்படி ஏறி வந்த வேகம் எனக்கு நினைவிருக்கிறது. அளவைத் தன் கையாலேயே கட்டத்தில் எழுதினார். அப்போது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவரிடமே கேட்டேன். "தெரியும். ஆனா தெரிஞ்சதை அன்னைக்குக் கூப்பிடல" என்றார்.

செவ்வாய், சின்னவள் 134/86. வியாழன், பெரிய சிஸ்டர் மறுபடியும் தரையில் உட்கார்ந்து எடுத்தது 138/88. தலைவலி உண்டா, கண் மங்குதா, மேல்வயிறு வலிக்குதா என்ற வழக்கமான கேள்விகளையும் கேட்டார். "ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றார் டிரைவரம்மா, தேர்வில் பதில் சொல்பவர்போல. முந்தின சனியன்று சின்னவள் எடுத்த அளவையும் சேர்த்து, அடுத்தடுத்து நான்கு வருகை 140/90-க்குக் கீழே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, ஜூன் இருபத்தெட்டு. காலை பதினொன்றுக்கு மேடம் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். இனி வாரத்தில் இரண்டு வருகைதான், யார் வேண்டும் என்று கேட்டார். நாத்தனார்தான் எடுத்தார். மேடம் எங்கள் அறைக்கு வந்து அவர் சொன்னதைச் சொன்னார்: "சின்னப் பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா கடைசி நேரத்துல அனுபவம் வேணும்ல. இப்ப பெரிய சிஸ்டரும் நல்லாப் பேசறாங்க. அவங்களே வரட்டும்னு சொல்றாங்க."

பெரிய சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. உடனே சரிசெய்துகொண்டு, "நல்லது பெரியக்கா. எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. நீங்க பாத்தா நிம்மதி" என்றாள். அதை மனதாரச் சொன்னாள். பெரிய சிஸ்டருக்கு அதுவும் பிடிக்கவில்லை. தோற்றவள் கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கலாம் என்று இருந்ததாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பைக் கேட்டார். இனி அது அவருடைய கோப்பு. மேசையில் விரித்துவைத்து நிதானமாகப் புரட்டினார். முன்பக்கம் முடிந்து பின்பக்கத்தைத் திருப்பினார். சின்னவள் எழுதியது நிறைய இருந்தது. குழந்தை பிறந்ததும் முதலில் பதினாலாம் நம்பர் பேருந்தில் ஏற்ற வேண்டும் என்று தாய்க்கு ஆசை. போன முறை வாங்கிய சின்னச் சட்டை பரணில் இருப்பதைக் கணவரிடம் சொல்லவில்லை. படுத்துப் படுத்து இடுப்பு மரத்துப்போகிறது.

"இதெல்லாம் என்கிட்ட சொன்னதே இல்ல" என்றார், எனக்குக் கேட்கும்படியாக. "நானும் நாலு வாரமாப் போறேன். சட்டை விஷயத்தை இவகிட்டதான் சொல்லணுமா?" அடுத்த பக்கம் திருப்பினார். இன்னும் என்னென்ன அவளிடம் சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடித் தேடிப் படித்தார்.

பிறகு சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். விரல் ஒரு வரியில் நின்றிருந்தது. சனிக்கிழமைக் குறிப்பு: 'காலையிலிருந்து நெற்றியில் வலி. தூங்கினால் சரியாகும் என்கிறார்.' அதன் கீழே செவ்வாய்க்கிழமை: 'மோதிரம் இறுக்குகிறதாம், சோப்புப் போட்டுக் கழற்றினோம். தலைவலி இன்னும் இருக்கிறது. பி.பி. நன்றாக இருக்கிறது.'

"பி.பி. நல்லா இல்ல" என்றார் பெரிய சிஸ்டர். எழுந்துவிட்டார். "அண்ணா, மேடம்கிட்ட சொல்லுங்க, நான் டிரைவரம்மா வீட்டுக்குப் போறேன். ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நிக்குதுன்னு கேட்டு வைக்கச் சொல்லுங்க." பை தோளில் ஏறிவிட்டது. நேரம் இரண்டு ஐம்பது.

அங்கே நடந்ததை இரண்டு பேர் சொல்லக் கேட்டேன், பெரிய சிஸ்டரும் பிற்பாடு நாத்தனாரும். இருவர் சொன்னதிலும் வித்தியாசம் இல்லை.

நாத்தனார் கதவைத் திறந்து, "இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே" என்றார்.

"தெரியும். நாற்காலியை எடுங்க."

"படுத்தே இருக்கட்டுமே சிஸ்டர், அப்பதானே நல்லா வருது."

"எடுங்கம்மா."

டிரைவரம்மாவை உட்கார வைத்தார். பாதம் தரையில், கை மேசைமேல். பட்டையைச் சுற்றாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பேருந்து போனது. டிரைவரம்மா அதன் எண்ணைச் சொல்லவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஐந்து நிமிடம் முடிந்து எடுத்தார். 166/108. ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுத்தார். அதே அளவு. சிறுநீர்த் தாள் கரும்பச்சையாக மாறியது; புரதம் நிறைய இறங்குகிறது என்று அர்த்தம்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றார் நாத்தனார். "நேத்து நூத்தி முப்பத்தெட்டு. இன்னைக்கு உக்கார வெச்சீங்க, ஏறிடுச்சு. மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களே."

டிரைவரம்மா அழத் தொடங்கினார். "நான் படுத்துக்கறேன் சிஸ்டர். படுத்துக்கிட்டா இறங்கிடும். அதுக்கப்புறம் பாத்து எழுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா போன தடவை மாதிரி ஆயிடும். நான் வரல."

அவர் சொன்னது போலவே படுக்க வைத்து எடுத்தால் குறைவாகத்தான் வரும் என்று பெரிய சிஸ்டருக்குத் தெரியும். எல்லாரும் கேட்பதும் அந்த எண்ணைத்தான்.

"நேத்து எழுதினது தப்பு" என்றார். "திங்கட்கிழமை எழுதினதும் தப்பு. படுத்திருக்கறப்ப மேல் கையில எடுத்தாக் குறைச்சுதான் காட்டும். உனக்கு எப்பவுமே இறங்கல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே எடுத்தேன்."

"எதுக்கு?" என்றார் நாத்தனார்.

"நீங்க என்னையே கூப்பிடணும்னு."

நாத்தனார் உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துவந்து துணிமணிகளை அடுக்கினார். டிரைவரம்மா பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பவே இல்லை. "சின்ன சிஸ்டரை வரச் சொல்லுங்க. அவ கூட வந்தாப் போறேன்" என்றார்.

பெரிய சிஸ்டர்தான் தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் மூன்று நாற்பத்தைந்துக்கு வந்தது. சின்னவள் அதற்கு முன்பே ஓடி வந்துவிட்டாள். வண்டியில் கூடப் போக ஒருவருக்குத்தான் இடம். கையைப் பிடித்துக்கொண்டு போனது சின்னவள். பெரிய சிஸ்டர் அளவுகளை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டு, தெருவில் நின்று கதவு சாத்தப்படுவதைப் பார்த்தார்.

குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஊசி போட்டு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஜூன் முப்பது, முப்பத்துமூன்று வாரம் சரியாக நிறைந்த அன்று, அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது கிராம். அழுதது. தாய்க்கு வலிப்பு வரவில்லை. இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்று மருத்துவர் மேடத்திடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அன்றே பெரிய சிஸ்டர் மாடிக்குத் திரும்பி வந்து பேனாவைத் திறந்தார். தன் இரண்டு அளவுகளின் மேலும், உள்ளே இருப்பது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்தார். ஓரத்தில், 'படுத்த நிலையில் மேல் கையில் எடுத்தது. தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் நேரமும் போட்டார். சின்னவள் எடுத்த ஏழு அளவுகளும் அதே பக்கத்தில் இருந்தன. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. மேடம் முதல் அத்தனை பேர் பார்க்கும் பக்கம் அது. கோடு இழுக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. மூடியைப் போட்டுவிட்டார். "அவளோடத அவளே அடிக்கட்டும்" என்றார். திங்களன்று அவள் அழுதுகொண்டே ஏழையும் அடித்தாள். நான் படிவத்தில் ஒன்பதாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி மருத்துவ அதிகாரி விசாரணைக்கு வந்தார். பதிவேடுகளோடு நானும் அறையில் இருந்தேன்.

"படுக்க வெச்சு எடுக்கற பழக்கத்தை ஆரம்பிச்சது யாரு?"

"அந்த வீட்ல ஆரம்பிச்சது அவதான் சார்" என்றார் பெரிய சிஸ்டர். "ஆனா அவளுக்கு அது தப்புன்னு யாரும் சொல்லல. எனக்குத் தெரியும். தெரிஞ்சு ரெண்டு தடவை எடுத்தேன்."

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"அவ வந்தா அந்தப் பொண்ணு சிரிக்கும். நான் போனாலும் சிரிக்கணும்னு இருந்துச்சு."

அதிகாரி அதைப் 'பணிச்சுமை' என்று எழுதிக்கொண்டார். அது தவறான பதிவு. ஆனால் அந்தப் படிவம் என்னுடையது அல்ல.

மூன்று மாதம் வீட்டு வருகை கிடையாது, தொலைபேசி மேசையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெரிய சிஸ்டர் என் பக்கத்து மேசைக்கு வந்தார். யாரைக் கேட்டு எத்தனை அழைப்பு என்று இப்போது என்னிடம் கேட்க வேண்டிய தேவை இல்லை. அவரே எடுத்தார், அவரே எழுதினார்.

ஜூலை இருபத்தைந்து, வியாழக்கிழமை, பதினொன்று இருபதுக்கு வந்த அழைப்பு நாத்தனாருடையது. சத்தமாகப் பேசுபவர், எனக்கும் கேட்டது. முந்தின நாள் தாயும் குழந்தையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இனி ஆறு வாரம் திட்டத்தில் செவிலியர் வருவார் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

"யாரு பேசறது, பெரிய சிஸ்டரா? நல்லா இருக்கீங்களா? அன்னைக்கு நீங்க வராம இருந்திருந்தா..." என்று நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். "ஆனா வீட்டுக்குச் சின்ன சிஸ்டரையே அனுப்பிடுங்க. இவ கேக்கறா. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைப் பாத்தா இவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வருதாம்."

"சரிம்மா. எழுதிக்கிட்டேன்" என்றார் பெரிய சிஸ்டர். "குழந்தை பால் குடிக்குதா?"

"குடிக்குது, குடிக்குது. அப்பன் மாதிரி, குடிச்ச உடனே தூக்கம்."

தொலைபேசியை வைத்தார். எழுதியதை மறுபடி ஒருமுறை சரிபார்த்தார்.

"இன்னும் இருக்கு அண்ணா" என்றார்.

"என்னது?"

"அதான். கொஞ்சம்கூட இறங்கல." காய்ச்சல் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

அவரே சின்னவளின் எண்ணைச் சுழற்றினார்.

"எங்க இருக்க? எழுதிக்கோ. டிரைவரம்மா வீடு, திங்கட்கிழமை பத்து மணி. பெரிய பட்டையை எடுத்துட்டுப் போ, அவ கை தடிமன். குழந்தையோட எடையையும் பாத்துடு." மறுமுனையில் அவள் ஏதோ கேட்டாள். பெரிய சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இல்ல, நான் பிரிச்சுக் கொடுக்கல. மேடமும் சொல்லல. அவங்க உன்னைத்தான் கேட்டாங்க."